வெறுந்தட்டின் நேர்மை

கடலை என்றா சொன்னாள்? ஆம், நிலக்கடலை என்றுதான் சொன்னாள். வறுத்தது, தோல் நீக்கியது, மூன்று கிராம், வலப்பக்கம் மட்டும் வைத்து இருபது கடி, பிறகு விழுங்காமல் இந்தக் குவளையில் துப்பிவிட வேண்டும் என்று ரிஸ்வானா என்கிற அந்த மேற்படிப்பு மாணவி மனப்பாடம் ஒப்பிப்பவள்போலச் சொல்லிவிட்டு, கடலையை நிறுப்பதற்காக மூலையிலிருந்த மேசைப் பக்கம் போய்விட்டாள். பல் மருத்துவக் கல்லூரியின் இரண்டாம் மாடியில், சாய்வு நாற்காலியில், நாச்சிமுத்து மல்லாந்து கிடந்தார். தலைக்கு மேல் விளக்கு. கழுத்தில் பச்சைக் காகிதத் துண்டு, பால் குடிக்கும் குழந்தைக்குக் கட்டுவதுபோல. முப்பத்தோரு ஆண்டுகள் எடையளவு ஆய்வாளராக இருந்து, எவன் கடையில் எந்த நேரம் நுழைவாரோ என்று சேலத்து வியாபாரிகளை நடுங்க வைத்த மனிதனை அறுபத்தாறாம் வயதில் மல்லாக்கப் போட்டுக் கடலை தின்னச் சொல்கிறார்கள். இதுவரை இப்படி ஒரு கடலை இருந்ததில்லை. வருடா வருடம் வருவார். படம் எடுப்பார்கள், கோடு போட்ட கம்பியை ஈறுக்குள் விட்டு ஆழம் பார்ப்பார்கள், தாளை நீட்டுவார்கள், கையெழுத்திட்டுவிட்டுப் போவார். பத்தாம் ஆண்டுக்குக் கடலை என்று எவன் எழுதிவைத்தான்? எழுதியவனைக் கொண்டுவந்து இந்த நாற்காலியில் கிடத்த வேண்டும். அந்தப் பக்கத்தில் அவர் ஒரு பருக்கைச் சோறுகூட மென்றதில்லை. பத்து ஆண்டுகளில் ஒரு நாளும், ஒரு வேளையும், ஒரு பருக்கையும். இந்த உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி அது. இன்னும் ஐந்து நிமிடத்தில் மூன்று கிராம் கடலை அதை எல்லாருக்கும் சொல்லிவிடப் போகிறது.

ஆறு மில்லிமீட்டர். அளவு அவருக்குத் தெரியாததா? பொன்னி அரிசி மணி ஒன்றைப் படுக்கவைத்தால் ஏறக்குறைய அவ்வளவு. கீழ்த்தாடையின் வலப்பக்கத்துக் கடைவாய்ப்பல் ஒன்று விழுந்து, இடம் வெகுநாள் காலியாகக் கிடந்ததில் எலும்பு கரைந்து இறங்கிவிட்டதாம். அடியில் நரம்பு ஓடுகிறதாம். நீளமான ஆணியை இறக்கினால் நரம்பில் இடித்து உதடு ஆயுளுக்கும் மரத்துப்போகுமாம். இல்லையென்றால் எலும்புத் தூள் வைத்து மேடுகட்டி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். "அதுக்குத்தான் சார் குட்டை இம்ப்ளான்ட். ஆறு மில்லிமீட்டர் போதும், பாறை மாதிரி நிக்கும்" என்று டாக்டர் ஜெசிந்தா அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பவர்களை நாச்சிமுத்து நம்பியதில்லை. சிரித்துக்கொண்டே நிறுத்த கடைக்காரன் எவனும் சரியாக நிறுத்ததில்லை. மேலே மாட்டிய கேப்பின் உயரம் எட்டு, உள்ளே இறங்கிய ஆணி ஆறு. வேரைவிடத் தலை பெரிய மரம் எந்தக் காற்றுக்கு நிற்கும்? "மூன்று மாதங்களுக்கு அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது" என்று அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழிந்து கேப் மாட்டிய அன்று, "இனித் தாராளமாச் சாப்பிடுங்க சார், கரும்பே கடிக்கலாம்" என்று டாக்டர் சொல்லத்தான் செய்தார். ஆனால் தடை தாளில் வந்தது. தளர்வு வாயால் வந்தது, அதுவும் சிரிப்போடு வந்தது. அரசு ஊழியன் எதை நம்புவான்? தடை நீக்கப்பட்டதாக எழுத்து மூலம் இன்றுவரை அவருக்கு எதுவும் வரவில்லை. மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று, ஆறு மாதம் ஓர் ஆண்டாயிற்று, பிறகு நாக்கே பழகிக்கொண்டது. சோறு உள்ளே போன கணத்தில் அதை இடப்பக்கம் தள்ளிவிடும், வரிசை தாண்டி நிற்பவனைக் காவலர் தள்ளுவதுபோல. வருடாந்தரத் தாளில் ஒரு கேள்வி உண்டு: எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள்? இரண்டு பக்கமும் என்ற கட்டத்தில் ஒன்பது முறை குறியிட்டு, ஒன்பது முறை கையெழுத்திட்டிருக்கிறார். முதல் முறை பயத்தால் இட்டது. மற்ற எட்டும் முதல் முறை இட்டுவிட்டோமே என்பதற்காக இட்டவை. பொய்க்கு வம்சவிருத்தி இப்படித்தான் நடக்கிறது.

ஆணி இறக்கிய அந்த நாளை நினைத்தாலே தாடை இறுகுகிறது, பல்லுக்காக அல்ல. வாயில் பஞ்சைத் திணித்து, "ஒரு மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருங்க, பேசக்கூடாது, துப்பக்கூடாது" என்று அனுப்பினார்கள். ஆட்டோவில் பக்கத்தில் மகள் கோகிலவாணி. ஐந்து ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது சொன்னாள்: "அப்பா, நான் சித்தேஸ்வரனைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். லாரிப் பட்டறையில பெயின்டரா இருக்காரு. உங்களுக்குச் சம்மதம் இல்லேன்னா இப்பவே சொல்லிருங்க." இப்பவே! உதடு மரத்துத் தொங்குகிறது, எச்சிலும் இரத்தமும் சட்டையில் சொட்டுகின்றன. அவர் 'ம்ம்' என்று உறுமினார். அது மறுப்பு. அவள், "சரிங்கப்பா, ரொம்பச் சந்தோசம்" என்றாள். நாள் பார்த்து, நேரம் பார்த்து, மரப்பு ஊசி வேலை செய்யும் நேரத்தையும் பார்த்து அல்லவா கேட்டிருக்கிறாள்! தராசுத் தட்டின் அடியில் ஈயம் ஒட்டுகிறவன்கூட இவ்வளவு நுட்பமாக ஒட்டியதில்லை. பஞ்சை எடுத்தபோது அவள் அந்தப் பையனின் தாயாருக்குப் போன் செய்து முடித்திருந்தாள். பிறகு பையன் வந்தான். வாசலில் நிற்கிறானா, உட்கார்ந்திருக்கிறானா என்று ஒரு கணம் விளங்கவில்லை; ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு. லாரியின் நெற்றியில் பெயர் எழுத ஸ்டூல் போட்டு ஏறுகிறவன். அந்த ஆண்டில் அவருக்கு வாய்க்குள்ளும் ஒரு குட்டை வந்து சேர்ந்தது, குடும்பத்துக்குள்ளும் ஒரு குட்டை வந்து சேர்ந்தது. இரண்டையும் அவர் ஒரே விதமாகத்தான் நடத்தினார்: பிடுங்கி எறியவுமில்லை, பாரம் வைக்கவுமில்லை.

செருப்புச் சத்தம். டாக்டர் ஜெசிந்தா வருகிறார். முடி வெளுத்துவிட்டது, சிரிப்பு வெளுக்கவில்லை. கையில் படம், அதை ஒளிப்பலகையில் செருகிவிட்டுக் குழந்தை வரைந்த யானையைத் தாய் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். "ரிஸ்வானா, இங்க வந்து பாரு. பத்து வருஷத்துல எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கு? பாயின்ட் மூணு. நகக்கண் அழுக்கு அளவு! ஆறு மில்லிமீட்டர் நிக்காது நிக்காதுன்னு எத்தனை பேரு என்னைக் கிண்டல் பண்ணினாங்க தெரியுமா?" மாணவி படத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடிக் கரண்டியை அவர் வாய்க்குள் விட்டுக் குனிந்தாள். "மேடம், கேப்ல தேய்மானமே இல்லையே. மேடு பள்ளமெல்லாம் நேத்து லேபுல இருந்து வந்த மாதிரி இருக்கு." "செராமிக் அப்படிம்மா." "இடது பக்கம் மட்டும் தரை மாதிரி தேஞ்சிருக்கு, மேடம்." "வயசாச்சுல்ல." இந்தப் பெண்ணுக்கு எத்தனை வயதிருக்கும்? இருபத்தைந்து? இந்த வயதில் இவ்வளவு கூர்மையான கண் பெண்ணுக்கு எதற்கு? நாச்சிமுத்து அவளை வெறுத்தார். முகமூடிக்கு மேலே தெரிந்த அந்த இரண்டு கண்களையும் தனித்தனியாக வெறுத்தார். அவரே பணியில் சேர்ந்த புதிதில் இப்படித்தான் பார்ப்பார். கடைக்காரன் முகத்தைப் பார்க்க மாட்டார், தட்டின் விளிம்பைப் பார்ப்பார், எந்த விளிம்பு மழுங்கியிருக்கிறது என்று. "சார், அடுத்த மாசம் சென்னையில கருத்தரங்கு. நாப்பத்திரண்டு பேருக்கு வெச்சோம், இருபத்தேழு பேர் கடைசி வரைக்கும் வந்திருக்கீங்க. அந்த இருபத்தேழுல முதல் படம் உங்களுதுதான்" என்றார் டாக்டர். மற்ற பதினைந்து பேர் என்ன ஆனார்கள்? அவர்கள் பல் நின்றதா, விழுந்ததா? வராதவனை யார் கேட்பது? வந்தவனையே யாரும் சரியாகக் கேட்கவில்லை. "பத்து வருஷமா அசையாம நிக்குது சார்!" இந்தச் சொல்லை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது, எங்கே என்று பிடிபடவில்லை. மீன் முள் மாதிரி ஏதோ தொண்டையில் நின்றது.

இடப்பக்கத்தில் விண்ணென்று தெறித்தது. நாக்கின் நுனியால் தொட்டுப் பார்த்தார். வேண்டாம் என்று தெரிந்தும் தொட்டுப் பார்த்தார். மூன்று நாளாக இதுதான். பத்தாண்டுகளாக இரண்டு பக்கத்து வேலையையும் தனியாகச் செய்த இடது கடைவாய்ப்பல் போன வெள்ளிக்கிழமை நட்டநடுவில் பிளந்துவிட்டது. தட்டுவடை செட்டுத் தின்றபோது நேர்ந்தது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் திணித்து, காரச்சட்னி தடவி, வாழையிலையில் கட்டி, பத்துக் கிலோமீட்டர் பைக்கில் கொண்டுவந்து கொடுத்தவன் யார்? அந்தக் குட்டையன். "மாமாவுக்குப் பிடிக்கும்னு வாணி சொன்னா" என்றான். பிடிக்கும்தான். பிடிக்கும் என்று தெரிந்துதான் கொண்டுவந்திருப்பான், இன்னும் பல் இருக்கிறதே என்ற எரிச்சலில். அபத்தம் என்று அறிவு சொன்னது. அறிவு சொன்னதை மனம் கேட்டு நடக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. மூன்று நாளாக மோரில் கரைத்த சோறு. வலப்பக்கத்தில் ஒரு பாறை சும்மா நிற்கிறது, இடப்பக்கத்தில் ஒரு தொழிலாளி செத்துக்கொண்டிருக்கிறான், முதலாளி பட்டினி கிடக்கிறார். இதை எழுதினால் எவன் நம்புவான்? அந்தக் குட்டையன் இப்போது கீழே காத்திருக்கிறான், வண்டி நிறுத்துமிடத்துப் புங்க மரத்தடியில். வருடா வருடம் இவர், "பஸ்ல போய்க்கிறேன்" என்பார். வருடா வருடம் அவன் வாசலில் வண்டியோடு நிற்பான். மாடிக்கு அழைத்ததில்லை. தாளில் 'உடன் வந்தவர்' என்ற கோட்டில் 'இல்லை' என்றே எழுதுவார். மனைவி தெய்வானை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவுக்குக் கூலி கொடுத்து ஓர் ஆளை வைத்தாரே தவிர அவனிடம் சொல்லவில்லை. மொட்டைமாடித் தொட்டி ஒழுகியபோதும் சொல்லவில்லை. தனக்கு டெங்கு வந்தபோதும் சொல்லவில்லை. 'பத்து வருசத்துல இவனால எனக்கு என்ன பிரயோசனம்?' என்று கோகிலவாணியிடம் மட்டும் அடிக்கடி கேட்பார். அவள் ஒருமுறை, "அவரு ஏதாச்சும் தப்புச் செஞ்சாராப்பா?" என்று திருப்பிக் கேட்டாள். யோசித்துப் பார்த்தார். ஒரு தவறும் அகப்படவில்லை. அதற்காகவும் அவனை வெறுத்தார்.

இவ்விடத்தில் ஒரு பாலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓர் ஊரார் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு, தூண்கள் குட்டையாக இருக்கின்றனவே என்று ஒருவன் சந்தேகம் கிளப்பிவிட்டான். அன்றிலிருந்து யாரும் அதில் கால் வைக்கவில்லை; பரிசல் ஏறியே போய்வந்தார்கள். வெள்ளத்தில் பரிசல் கவிழ்ந்து ஆண்டுக்கு இரண்டு பேர் செத்தார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் வந்து, "பாலம் உறுதியா?" என்று கேட்டான். ஊரார் மார் நிமிர்த்தி, "நாற்பது வருடமாக ஒரு கல் பெயரவில்லை, பார்த்துக்கொள்ளும்" என்றார்கள். அந்த ஊரார் பாலத்தைப் பற்றிச் சொன்னது பொய்யல்ல. பாலத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். மனிதர்களே, நம்முடைய நற்பெயர்களில் எத்தனை இந்தப் பாலத்தின் நற்பெயர்! கோபம் மூட்டும் எவனும் அண்டாத இடத்தில் இருந்துகொண்டு பொறுமைசாலி என்கிறோம். கேட்க யாருமில்லாத வீட்டில் வாசலைத் திறந்துவைத்துவிட்டு வள்ளல் என்கிறோம். எவர் மேலும் சாயாமல் வாழ்ந்துவிட்டு, நம்மை ஒருவனும் கைவிட்டதில்லை என்று நெஞ்சைத் தட்டிக்கொள்கிறோம். நாச்சிமுத்துவுக்கு இந்தப் பாலம் தெரியாது. ஆனால் இதைவிட நன்றாக ஒன்று அவருக்குத் தெரியும். அது அவர் தொழில். அதைத்தான் அவர் மனம் சுற்றிச் சுற்றி வந்தது, கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி தேடுவதுபோல, பட்டும் படாமலும்.

"மூணு கிராம் சரியா இருக்கு சார்" என்று மாணவி கிண்ணத்தோடு வந்தாள். தலையை மட்டும் தூக்கி மேசையைப் பார்த்தார். சிறிய எலக்ட்ரானிக் தராசு. அவருக்குள்ளிருந்த பழைய வேட்டைநாய் மூச்சிழுத்தது. "அந்தத் தராசுல முத்திரை எங்க?" "என்ன சார்?" "முத்திரைம்மா. வருசா வருசம் சோதிச்சு முத்திரை வாங்கணும். முத்திரை இல்லாத தராசுல நிறுத்தது மூணு கிராமுன்னு நான் எப்படி ஒத்துக்கறது?" வணிகத்துக்குப் பயன்படாத தராசுக்கு முத்திரை வேண்டியதில்லை என்பது சட்டம், அது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தும் கேட்டார். முடிந்தால் தராசைப் பறிமுதல் செய்து கடலையோடு கொண்டுபோய்விட வேண்டும். டாக்டர் ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா ரிஸ்வானா, சார் ரிட்டயர் ஆகி எட்டு வருஷமாச்சு, ஆனா ஆகல." மாணவி சிரிக்கவில்லை. "போன வாரம்தான் சார் வாங்கினோம். பெட்டியைப் பிரிச்சதும் சைபர் காட்டுச்சு, கரெக்டாத்தான் இருக்கும்" என்றாள். "சைபர் காட்டினா?" என்று அவர் வாயைத் திறந்தார். தொண்டையில் நின்ற முள் அசைந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், மண்டித் தெருவில், புளி வியாபாரி ஒருவர், திருநீறு பூசிய நெற்றியும் தொந்தியுமாக, தொங்கு தராசைச் சுட்டிக்காட்டி, 'இருவது வருசமா அசையாம நிக்குதுங்க சார், முள்ளைப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி' என்றார். கூட்டம் கூடியிருந்தது. இளைஞரான நாச்சிமுத்து எல்லாருக்கும் கேட்கும்படி, 'வெறுந்தட்டா நின்னா எந்தத் தராசும் யோக்கியன்தான்யா. கல்லை எடுத்து வை' என்றார். தெருவே சிரித்தது. கல்லை வைத்தார்கள், தட்டு கோணிக்கொண்டது. அந்தச் சொல் ஊர் முழுக்கப் பரவி, அவரைக் கண்டால், 'கல்லை எடுத்து வை' வருகிறார் என்று பையன்கள் கிசுகிசுக்கும் அளவுக்குப் போயிற்று. அவருடைய ஒரே புகழ் அது. இப்போது அது மல்லாந்து கிடந்த அவரை மேலிருந்து குனிந்து பார்த்தது. "வாயைத் திறங்க சார்" என்றாள் மாணவி.

வலப்பக்கத்தில் கடலை விழுந்தது. நாக்கு உடனே அதை இடப்பக்கம் தள்ளப் பாய்ந்தது. அவர் நாக்கை மேலண்ணத்தோடு ஒட்டிப் பிடித்தார். ஆணி இறங்கும். ஒரு கடி போதும், ஆறு மில்லிமீட்டர் ஏழாகும், ஏழு எட்டாகும், நரம்பைக் குத்தும், உதடு செத்துப்போகும், பஞ்சு வைத்த அந்த ஆட்டோவில் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும், எவள் எதைக் கேட்டாலும் ம்ம் என்று. "கடிங்க சார். ஒண்ணு." கடித்தார். சத்தம் காது வழியாக வரவில்லை. எலும்பு வழியாக, பக்கத்து வீட்டில் யாரோ உரல் இடிப்பதுபோல வந்தது. வலி இல்லை. கூச்சம் இல்லை. சொந்தப் பல் பொருளைத் தொட்டால் தொட்டேன் என்று சொல்லும். இது ஒன்றும் சொல்லவில்லை, வேலையைச் செய்தது. "ரெண்டு. மூணு." மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் தெய்வானை கடலை வறுக்கும் வாசனை எங்கிருந்து வந்தது? "ஏழு." இப்போது உடையும். "எட்டு." இதோ உடையும். உடைந்தால்தான் என்ன, உடைந்தால் நான் சொன்னது சரியாகிவிடும், பத்து வருடமாக நான் நம்பாதது வீண் போகாது. உடை. உடைந்து தொலை. "பதிமூணு." நாவின் வலப்புறம் இனித்தது, இந்தப் பக்கத்து நாக்குக்கு இனிப்புத் தெரியும் என்பதையே மறந்திருந்தார். உடையவில்லை. ஒரு குட்டை ஆணி, அரிசி மணி நீளத்தில், இருட்டில், யாரும் ஒரு வேலையும் சொல்லாத பத்தாண்டுகளில் எலும்பை இறுகப் பிடித்தபடி நின்றிருக்கிறது, சொன்னவுடன் செய்கிறது, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்கவும் இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "இருபது. துப்பிருங்க."

மாணவி அதைச் சல்லடையில் ஊற்றிக் கழுவினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். "நல்லா அரைஞ்சிருக்கு மேடம்" என்றாள். குரலில் ஏமாற்றம் ஒளிந்திருந்தது. ஆக, தப்பித்தாயிற்று. கடலை காட்டிக்கொடுக்கவில்லை. நாற்காலி நிமிர்ந்தது, அட்டையில் செருகிய தாள் மடிக்கு வந்தது, பத்தாவது கட்டம், பத்தாவது கையெழுத்து. "பத்து வருஷ உழைப்பு சார் அந்தப் பல்லுக்கு. போடுங்க" என்றார் டாக்டர். பேனாவைக் கட்டத்துக்கு மேல் பிடித்தார். போட்டுவிட்டுப் போகலாம். யார் கேட்கப்போகிறார்கள்? புளிக்காரர் செத்து எத்தனையோ வருடம். பேனா நின்றது. இறங்கவில்லை. "டாக்டரம்மா" என்றார். "இந்தப் பல்லு உழைக்கல. இதுல நான் மென்னதே இல்ல. இப்ப மென்ன கடலைதான் முதல்." ஒளிப்பலகை மெல்ல இரைந்துகொண்டிருந்தது. டாக்டர் ஜெசிந்தாவின் முகத்திலிருந்து சிரிப்பு, சுவரிலிருந்து காரை விழுவதுபோலத் துண்டுதுண்டாக விழுந்தது. "என்ன சார் சொல்றீங்க? ஒன்பது தடவை கையெழுத்துப் போட்டிருக்கீங்க." "போட்டேன்." "பொய்யா?" "பொய்தான்." "எதுக்கு சார்? நான் என்ன பாவம் பண்ணினேன் உங்களுக்கு? அடுத்த மாசம் மேடையில நான் என்ன சொல்றது?" அவருக்கும் கோபம் வந்தது, குற்றம் ஒப்புக்கொண்டவனுக்கு வரும் கோபம், எல்லாக் கோபத்திலும் கேவலமானது. "கடிக்கக் கூடாதுன்னு தாள்ல குடுத்தீங்க. கடிக்கலாம்னு தாள்ல குடுத்தீங்களா? எனக்கு மட்டுமா குடுத்தீங்க? நாப்பத்திரண்டு பேருக்கும் அதே தாள்தானே? மத்த இருபத்தாறு பேரும் எந்தப் பக்கம் திங்கறாங்கன்னு தட்டுல கல்லை வெச்சுக் கேட்டீங்களா, இல்ல முள்ளை மட்டும் பாத்தீங்களா?" ரிஸ்வானா கோப்பிலிருந்து அந்தப் பழைய அச்சுத் தாளை உருவினாள். முன்பக்கம் பார்த்தாள், திருப்பினாள், பின்பக்கம் வெறுமை. அதை டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் வெகுநேரம் அந்த வெறும் பக்கத்தைப் படித்தார். பிறகு தளர்ந்த குரலில், "உங்களுக்கு நான் என்ன எழுதட்டும்?" என்று கேட்டார். "இன்னிக்கு முதல் நாள்னு எழுதுங்க."

அதன் பிறகு இடப்பக்கத்தை அவராகவே காட்டினார். தட்டிப் பார்த்தார்கள், உயிர் போய் வந்தது. வேர்வரை பிளந்திருக்கிறது, காப்பாற்ற முடியாது, இன்று மாலையே எடுத்துவிட வேண்டும், மூன்று மணிக்கு வாருங்கள், அதற்குள் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள், வீட்டுக்குத் திரும்பும்போது தனியாகப் போகக் கூடாது என்றார் டாக்டர், சிரிக்காமல். சிரிக்காத அந்த முகத்தை நாச்சிமுத்து முதன்முறையாக நம்பினார். மாணவி புதுத் தாளை எடுத்தாள். "உடன் வந்தவர்?" கோடு காத்திருந்தது. இல்லை என்ற சொல் நாக்கின் இடப்பக்கத்தில் தயாராக இருந்தது. "கீழ இருக்கான்" என்றார். "யாரு சார்?" "மருமகன்." "பேரு?" பெயரைச் சொல்லி அழைத்ததே இல்லை, 'இந்தா' என்பார், 'ஏப்பா' என்பார். "சித்தேஸ்வரன்" என்றார், கடலை மெல்வதுபோல அதையும் மென்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆள் விட்டு அழைத்ததும் பத்து நிமிடத்தில் படியேறி வந்து நின்றான், மூச்சு வாங்க, விரலிடுக்குகளில் மஞ்சள் பெயின்டோடு. "என்னங்க மாமா, என்ன ஆச்சு? மேல கூப்பிட மாட்டீங்களே!" என்றான் பயந்துபோய். "ஒண்ணும் ஆவல. நட."

படிக்கட்டு செங்குத்தானது, கைப்பிடிச் சுவர் தூரத்தில் இருந்தது. மூன்று நாளாக மோர்ச்சோறு மட்டுமே கண்ட உடம்பு. அவன் ஒரு படி கீழே இறங்கி நின்றான். தோள் அவர் கைக்கு நேராக இருந்தது. நெட்டையாக இருந்திருந்தால் எட்டியிருக்காது என்ற எண்ணம் வந்தது, அதை அவர் கடுப்போடு தள்ளிவிட்டார். கையை வைத்தார். தராசைச் சோதிக்கிறவன் எடுத்த எடுப்பில் பெரிய கல்லை வைப்பதில்லை. முதலில் இருநூறு கிராம் வைத்தார். தோள் அசையவில்லை. இரண்டாம் படியில் அரைக்கிலோ. மூன்றாம் படியில் ஒரு கிலோ, இரண்டு கிலோ. முதல் மாடித் திருப்பத்தில், முழங்கால் மடங்கிய ஒரு கணத்தில், ஐந்தோ பத்தோ, கணக்குத் தவறி, உடம்பு முழுவதும் அந்தக் குட்டைத் தோளில் போய் இறங்கியது. அவன் காலை மட்டும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டான். புங்க மரத்தடியில் வண்டியை உதைத்துக்கொண்டே கேட்டான்: "போற வழியில தட்டுவடை செட்டுக் கடை இருக்குதுங்க மாமா. பல்லு வலிக்குதுன்னா நொறுக்கிக் குடுக்கச் சொல்லட்டுங்களா?" நாச்சிமுத்து பின்னால் ஏறி உட்கார்ந்து, அவன் தோளை மறுபடியும் பிடித்துக்கொண்டு, பழைய எரிச்சல் குறையாத குரலில் சொன்னார்: "நொறுக்க வேண்டாம். முழுசாவே வாங்கு."